எங்கள் கத்தோலிக்கப் பங்கிலிருந்து ஏன் யாரும் குருமடத்துக்குப் போவதில்லை? இறை அழைத்தல் பற்றி அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்

மணல்மேடு (இழையைத் தொடங்கியவர்)

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க!

எங்களுடையது தூத்துக்குடி மறைமாவட்டத்தில் ஒரு கடற்கரைப் பங்கு (ஒரு கோயிலும் அதைச் சேர்ந்த மக்களும்). 1923-இல் இந்த மறைமாவட்டம் உருவானபோது முதல் ஆயராக வந்த திபூர்சியுஸ் ரோச் ஆண்டகைதான் நவீன காலத்தில் இலத்தீன் வழிபாட்டு முறையின் முதல் இந்திய ஆயர். அதைச் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள். என் தாத்தா தலைமுறையில் தெருவுக்கு ஒருவராவது சாமியாராகவோ கன்னியராகவோ போனார்கள். இன்று எங்கள் ஊரிலிருந்து, குருக்களைப் பயிற்றுவிக்கும் குருமடத்தில் ஒரு பையன்கூட இல்லை. கப்பல் வேலைக்குப் போகிறார்கள், வளைகுடாவுக்குப் போகிறார்கள், சென்னைக்குப் போகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கோயிலுக்கு இவ்வளவு நெருக்கமான ஒரு ஊரில் ஒருவனுக்குக்கூட அந்த எண்ணம் வரவில்லையா என்ற கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது.

ஈஸ்டரை ஒட்டிய பாஸ்கா காலத்தின் நான்காம் ஞாயிறு, நல்லாயன் ஞாயிறு, இறை அழைத்தலுக்காக (குருவாகவோ துறவியாகவோ வரக் கடவுள் அழைப்பது) உலகமெங்கும் மன்றாடும் நாள். திருத்தந்தை 6-ஆம் பவுல் 1964-இல் தொடங்கி வைத்தது. எங்கள் பங்கில் அன்றைக்கு மன்றாட்டில் ஒரு வரி சேர்ப்போம், அத்தோடு சரி. இந்த முறை பங்குப் பேரவையில் எடுத்துப் பேசினோம். ஒருவர் முகாம் வைக்கலாம் என்றார். ஒருவர் கோயில் வாசலில் பெரிய பேனர் வைக்கலாம் என்றார். இன்னொருவர், "ஒத்தப் பிள்ளையை வச்சுக்கிட்டு யாருங்க விடுவாங்க" என்று சொன்னதும் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

உங்கள் பங்குகளில் எது பலன் தந்தது?

மறைக்கல்வி டீச்சர்

திருச்சிப் பக்கம், ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறேன். மூன்றாம் வகுப்பில் "யாரெல்லாம் சாமியார் ஆகப் போறீங்க?" என்று கேட்டால் பையன்கள் எல்லாரும் கை தூக்குவார்கள். ஒன்பதாம் வகுப்பில் அதே கேள்விக்குத் தலை குனிந்து சிரிப்பார்கள். கூட்டத்தில் கேட்கும் கேள்விக்கு அவ்வளவுதான் பதில் வரும். தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, உன்கிட்ட நான் ஒன்னு பார்த்திருக்கேன், நீ இதைப் பத்தி யோசிச்சுப் பாரேன்" என்று ஒரு பெரியவர் சொல்வது முற்றிலும் வேறு. பெரும்பாலான பையன்களிடம் அப்படி யாரும் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

விவிலியத்தில் வரும் சிறுவன் சாமுவேல் கதையை நாம் பையன் பக்கமிருந்தே சொல்லித் தருகிறோம். அவனைப் பார்த்துக்கொண்ட வயதான குரு ஏலி பக்கமிருந்து பாருங்கள். ஆண்டவரின் குரல் சாமுவேல் காதில் விழுகிறது, ஆனால் யார் குரல் என்று அவனுக்குத் தெரியவில்லை. கண் மங்கிய அந்தக் கிழவர்தான் இனம் கண்டு, என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்து, மறுபடி படுக்க அனுப்புகிறார். பேதுருவும் இயேசுவிடம் தானாக வரவில்லை, அவருடைய சகோதரர் அந்திரேயா போய்க் கூட்டி வந்தார்.

இன்னொன்று. யாரிடம் சொல்வது என்பதில் நம் கண் சரியில்லை. கை குவித்து அமைதியாக நிற்கும் பையனையே பார்க்கிறோம். படுத்த படுக்கையான தாத்தாவைக் குளிப்பாட்டிவிட்டு வகுப்புக்குத் தாமதமாக வரும் பையன் நம் கண்ணில் படுவதில்லை. சண்டை வந்தால் இரண்டு பக்கமும் போய்ப் பேசும் பையனும் அப்படித்தான்.

ஒற்றைப் பிள்ளை அம்மா

மணல்மேடு அண்ணன் பேரவையில் பேச்சு நின்றுபோன இடத்திலிருந்து நான் பேசுகிறேன். எனக்கு ஒரே மகன், பதினோராம் வகுப்பு. போன மாதம் சாப்பிடும்போது, "அம்மா, நான் குருமடம் போகட்டுமா?" என்று கேட்டான். சரி, தேர்வு முடியட்டும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளை என்று தேசியக் குடும்ப நல ஆய்வு (2019–21) சொல்கிறது. என் பாட்டிக்கு எட்டுப் பிள்ளைகள், ஒருவரைக் கோயிலுக்குக் கொடுத்தார். அந்தக் கணக்கை வைத்து இன்றைய தாய்மாரைப் பார்த்து விசுவாசம் குறைந்துவிட்டது என்று பிரசங்கத்தில் சொல்லும்போது மனது நோகிறது.

ஆனால் கடவுளுக்குக் கொடுப்பது எனக்குப் பயமில்லை. என் பயம் மூன்று. வயதான காலத்தில் நாங்கள் என்ன செய்வோம். விடுதியில் அவன் பாதுகாப்பாக இருப்பானா, வரும் செய்திகளைப் படித்தால் வயிற்றைக் கலக்குகிறது. மூன்றாவதுதான் பெரியது: நடுவில் திரும்பி வந்துவிட்டால்? என் சித்தி மகன் அப்படித் திரும்பி வந்தான். ஊர் பேசிய பேச்சில் சித்தி காலைப் பூசைக்குப் போவதையே விட்டுவிட்டார்.

பழைய பங்குச்சாமி

அன்புள்ள அம்மாவுக்கு. பணி ஓய்வு பெற்ற மறைமாவட்டக் குரு நான். சில காலம் எங்கள் மறைமாவட்ட இறை அழைத்தல் பணிக்குழுவிலும் இருந்தேன். உங்கள் மூன்று பயமும் நியாயமானவை.

முதலில் பாதை எப்படி என்று சொல்லிவிடுகிறேன், பாதி அச்சம் தெரியாததால் வருவது. இப்போது பெரும்பாலும் பிளஸ் டூ முடித்துத்தான் எடுக்கிறோம். தொடக்கத்தில் ஓராண்டு, இரண்டாண்டு ஆயத்தக் காலம். 2016-இல் உரோமை வெளியிட்ட குருத்துவப் பயிற்சி நெறிமுறை இதைக் கட்டாயமாக்கியது. இந்தக் காலத்தில் பையன் செபிக்கவும் தன்னைத்தானே அறியவும் கற்றுக்கொள்கிறான். இடையில் பலர் கல்லூரிப் பட்டம் முடிக்கிறார்கள். மெய்யியல் குறைந்தது இரண்டு ஆண்டு, இறையியல் நான்கு ஆண்டு, நடுவில் பங்குகளில் களப்பணி. ஆக மொத்தம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள். 25 வயது நிறையாமல் குருப்பட்டம் கிடையாது. அவசரப்பட்டு யாரையும் எங்கும் பூட்டி வைப்பதில்லை.

வயதான பெற்றோரைப் பற்றி: துறவற சபையில் சேர்பவர்கள் ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுக்கிறார்கள். மறைமாவட்டக் குருக்கள் அதைக் கொடுப்பதில்லை. மணத்துறவும் (திருமணம் செய்யாமல் வாழ்வது) ஆயருக்குக் கீழ்ப்படிதலும்தான் எங்கள் வாக்குறுதி. பெற்றோர் நோயில் கிடந்தபோது ஆயரிடம் கேட்டுச் சொந்த ஊருக்கு அருகில் மாற்றல் வாங்கிய குருக்களை எனக்குத் தெரியும். ஒரே மகன் என்றால் முதல் நேர்காணலிலேயே இதைப் பேசிவிடுங்கள். துறவற சபைகளும் இதைக் கேட்டுக்கொள்ளும்.

பாதுகாப்பைப் பற்றி: கேளுங்கள், வெட்கப்படாமல் கேளுங்கள். இரவில் விடுதிக்கு யார் பொறுப்பு, பையன் எத்தனை நாளுக்கு ஒருமுறை வீட்டுக்குப் பேசலாம், அதிபரைத் தவிர வேறு யாரிடம் புகார் சொல்லலாம், 18 வயதுக்கு உட்பட்டவன் என்றால் 2012-இன் போக்சோ சட்டப்படி அங்கே என்ன ஏற்பாடு. இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் இடத்துக்கு மகனை அனுப்பாதீர்கள். இதை ஒரு குருவாகவே சொல்கிறேன்.

மூன்றாவதைப் பற்றி என்னைவிட அனுபவித்தவர்கள் எழுதினால் நல்லது. ஒன்று மட்டும்: திருச்சபைச் சட்டம் 1026 ஒருவரைக் குருவாகும்படி கட்டாயப்படுத்துவதை முற்றிலும் தடை செய்கிறது. தகுதியுள்ளவரைத் தடுப்பதையும் அதே சட்டம் தடுக்கிறது.

கருவேலங்காடு

அனுபவித்தவன் எழுதுகிறேன்.

சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. பத்தாம் வகுப்பு முடித்து இளங்குருமடத்தில் சேர்ந்தேன். மெய்யியல் முடித்தேன். களப்பணி ஆண்டில் ஒரு பங்கில் இருந்தபோது, என் அழைத்தல் இது இல்லை என்று தெளிவாகத் தெரிந்தது. கோபமோ காதலோ பிரச்சினையோ எதுவும் இல்லை. என் ஆன்ம குருவோடு மாதக்கணக்கில் பேசினேன், செபித்தேன். கடைசியில் அதிபரிடம் போய்ச் சொன்னேன். அவர் முழந்தாளிடச் சொல்லி, தலையில் கைவைத்து ஆசீர்வதித்து அனுப்பினார். அங்கே நடந்தது அனைத்தும் நல்லபடியாகவே நடந்தது.

ஊரில் நடந்தது வேறு. "ஓடி வந்துட்டான்" என்றார்கள். "என்ன தப்பு பண்ணினானோ" என்றார்கள். சாவு வீட்டுக்கு வருவதுபோல உறவுக்காரர்கள் வந்து உட்கார்ந்து அம்மா கையைப் பிடித்து அழுதார்கள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் என்னை வாசகம் வாசிக்கச் சொன்னவர்கள், திரும்பி வந்த பிறகு வாசகர் பட்டியலில் என் பெயரைச் சேர்க்கவே இல்லை. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை, சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. நான் பின்வரிசையில் நின்று பூசை கண்டுவிட்டு, பூசை முடிந்த கையோடு வெளியேறிவிடுவேன்.

அடுத்து ஒரு புதிய பங்குத்தந்தை வந்தார். வீட்டுக்கு வந்து, அம்மா போட்ட டீயைக் குடித்துவிட்டு, "இந்த ஞாயிறு முதல் வாசகம் நீதான் தம்பி. அப்புறம் பூசையில் உதவும் பீடச்சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் இல்லை, உனக்குத்தான் தெரியுமே" என்றார். ஆறுதல் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை கொடுத்தார். அதற்குப் பிறகுதான் அம்மா தெருவில் நிமிர்ந்து நடந்தார்.

இப்போது நான் ஆசிரியர், கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். பீடச்சிறுவர்களை இன்றும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அவர்களில் சிலர் குருமடம் போயிருக்கிறார்கள். ஒருவன் திரும்பி வந்தான். பேருந்து நிலையத்துக்கு நானே போய் அவனைக் கூட்டி வந்தேன்.

மணல்மேடு அண்ணே, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். உங்கள் ஊரில் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களை ஊர் எப்படி நடத்தியது என்று முதலில் பாருங்கள். அந்த வீட்டுக்கு நடந்ததைப் பக்கத்து வீட்டுத் தாய் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர் தன் மகனை எப்படி அனுப்புவார்? பையனும் அதைப் பார்த்துத்தான் வளர்ந்தான். போனால் திரும்ப முடியாது என்றால் பதினேழு வயதில் யார் துணிந்து போவார்கள்?

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். திரும்ப வழியில்லாமல் அங்கேயே இருந்து பட்டம் வாங்குகிறவர்களும் உண்டு. ஊருக்குப் பயந்து குருவானவர் பிறகு நாற்பது ஆண்டு அந்த மனதோடுதான் பலிபீடத்தில் நிற்க வேண்டும். அவருக்கும் துன்பம், அவர் போகும் ஒவ்வொரு பங்குக்கும் துன்பம்.

கேள்விக்குறி

எல்லாம் சரி, அடிப்படைக் காரணத்தை யாரும் தொடவில்லையே. மணத்துறவைக் கட்டாயமாக்கி வைத்துக்கொண்டு ஆள் வரவில்லை என்று அழுதால் எப்படி? கிழக்கத்திய வழிபாட்டு முறையுள்ள கீழைத் திருச்சபைகள் பலவற்றில் மணமான குருக்கள் இருக்கிறார்கள். 2019-இல் உரோமையில் நடந்த அமேசான் பகுதி ஆயர்கள் மாமன்றத்திலும் இது பேசப்பட்டது. இரண்டாவது, இன்று சேருகிறவர்களில் எத்தனை பேர் ஜெர்மனி, இத்தாலி போகலாம் என்ற ஆசையில் சேருகிறார்கள் என்று நேர்மையாகச் சொல்லுங்கள்.

பழைய பங்குச்சாமி

முதல் கேள்வி பெரியது, திருச்சபை அதைப் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. 2020-இல் அமேசான் பற்றித் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ஏட்டில் அந்த விதியை மாற்றவில்லை. ஒரு பங்குப் பேரவை தீர்மானிக்கக்கூடிய காரியம் இல்லை என்பதால் வேறு இழையில் பேசுவோம். உலக அளவில் குறைகிறது என்பது உண்மை. 2011-இல் மெய்யியலும் இறையியலும் படித்த குருமாணவர்கள் உலகம் முழுவதும் 1,20,000-க்கும் மேல். 2023-இல் சுமார் 1,06,000. ஆப்பிரிக்காவில் மட்டும் ஏறுகிறது.

இரண்டாவதற்குப் பயிற்சியில் இருப்பவர் யாராவது பதில் சொல்லட்டும்.

இறையியல் மாணவன்

இறையியல் இரண்டாம் ஆண்டு. அதிபர் அனுமதியோடு எழுதுகிறேன், எந்தக் குருமடம் என்று சொல்லவில்லை.

வெளிநாட்டு ஆசை சிலருக்கு இருக்கலாம். சேரும்போது யாருடைய நோக்கமும் பத்தரை மாற்றுத் தங்கம் இல்லை. எனக்கு பதினேழு வயதில் இருந்தது வெள்ளை அங்கி ஆசையும் மைக் பிடிக்கும் ஆசையும். பன்னிரண்டு ஆண்டுப் பயிற்சி எதற்கு? அந்த ஆசைகளைத் தட்டி, உருக்கி, உள்ளே வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான். களப்பணி ஆண்டில் புற்றுநோயில் கிடந்த ஒரு பாட்டிக்கு நற்கருணை கொண்டுபோன வீட்டில்தான் எனக்கு அது புரிந்தது. அந்தப் பாட்டிக்கு நான் யாரென்றே தெரியாது. ஆனால் வாசலில் என் செருப்புச் சத்தத்துக்காகக் காத்திருந்தார்.

கருவேலங்காடு அண்ணன் எழுதியதைப் படித்தபோது எங்கள் வகுப்பே நினைவுக்கு வந்தது. இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். குருப்பட்டத்துக்கு முந்திய படியான திருத்தொண்டர் பட்டத்துக்கும், குருப்பட்டத்துக்கும் முன்னால், "நான் சுதந்திரமாக, என் சொந்த விருப்பத்தோடு இதைக் கேட்கிறேன்" என்று எங்கள் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். திருச்சபைச் சட்டம் 1036. தட்டச்சு செய்யக் கூடாது, கையால்தான். திருச்சபை எங்களிடம் சுதந்திரத்தை அவ்வளவு கறாராகக் கேட்கிறது.

அதே நேரத்தில் ஊரில் என்ன நடக்கிறது? பட்டத்துக்கு ஆறு மாதம் முன்பே முதல் திருப்பலிக்குப் பந்தல் பேசிவிடுகிறார்கள். பேனர், மேளம், வரவேற்பு வளைவு, விருந்துக்கு ஆட்டுக்கு முன்பணம், உறவினருக்குப் புதுத்துணி. வீட்டில் கடன்கூட வாங்குகிறார்கள். எல்லாம் அன்பால்தான். ஆனால் அந்தத் தாளை எழுத உட்காரும் மாணவன் மனதில் ஒரு சந்தேகம் இருந்தால், அவன் முன்பணம் கொடுத்த பந்தலை நினைப்பானா, இல்லையா? முதல் திருப்பலியைக் கொண்டாடுங்கள், ஊரே மகிழட்டும். ஆனால் பட்டம் முடிந்த பிறகு கொண்டாடலாமே. குறைந்தபட்சம் கடன் வாங்காமல்.

கிழக்குத் தெரு

இதுவரை எழுதியவர்கள் எல்லாரும் நல்ல மனதோடு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நான் சொல்லப்போவதை யாரும் சொல்லவில்லை.

எங்கள் பங்கில் கோயிலுக்கு மேற்கே ஒரு தெரு, கிழக்கே எங்கள் தெரு. நான் பையனாக இருந்தபோது பீடச்சிறுவர் எல்லாரும் மேற்குத் தெருப் பையன்கள். எங்களுக்கு யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாரும் வா என்றும் சொல்லவில்லை. மறைக்கல்வி டீச்சர் எழுதினாரே, தனியாகக் கூப்பிட்டு "உன்கிட்ட ஒன்னு பார்த்தேன்" என்று சொல்ல வேண்டும் என்று. எங்கள் தெருவில் அப்படி யாரும் யாரிடமும் சொன்னதில்லை. பிறகு மேற்குத் தெருவிலிருந்து மட்டும் குருக்கள் வந்தார்கள். "அவங்க குடும்பத்தில்தான் அழைத்தல் இருக்கு" என்றார்கள்.

தமிழ்நாட்டுக் கத்தோலிக்கரில் பெரும்பகுதி தலித் மக்கள். குருக்களிலும் ஆயர்களிலும் அந்தப் பங்கு தெரிகிறதா? 2003-இல் தமிழக ஆயர்கள் உரோமைக்குப் போனபோது, சாதிப் பாகுபாட்டின் சாயல்கூடத் திருச்சபையின் பணிக்குப் பெரிய தடை என்று திருத்தந்தை 2-ஆம் யோவான் பவுல் அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். 2016-இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை ஏடு வெளியிட்டது. 2022-இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினால் ஆனார், தலித் சமூகத்திலிருந்து முதல் கர்தினால். எங்கள் வீட்டில் அன்றைக்கு எல்லாரும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தோம். என் தம்பி மகன், "அப்ப நாமளும் ஆகலாமா?" என்று கேட்டான். அவனுக்கு அப்போது எட்டு வயது. அந்தக் கேள்வியை அவன் கேட்க வேண்டி வந்ததே என்றுதான் எனக்கு வருத்தம்.

ஆள் குறைவு என்று சொல்வதற்கு முன்னால் யாரைக் கேட்காமல் விட்டோம் என்று எண்ணிப் பாருங்கள்.

மணல்மேடு

கிழக்குத் தெரு சகோதரரே, உங்கள் பதிவைப் பேரவையில் அப்படியே வாசிக்கப் போகிறேன். நேற்று மாலை எங்கள் பீடச்சிறுவர் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். எங்கள் பங்கின் இரண்டு கிளைக் கிராமங்களிலிருந்து ஒரு பெயர்கூட இல்லை. அந்தக் கிராமங்களுக்கு மாதம் ஒரு பூசைதான். அங்கிருக்கும் உபதேசியாரிடம் பேசியிருக்கிறேன். அங்கேயே பயிற்சி வைக்கலாம் என்றார். பையன்கள் இங்கே வர வேண்டும் என்று நாம் எதிர்பார்த்துக்கொண்டிருந்ததே சரியில்லை.

அல்லைக்கரை

வணக்கம், யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். உங்கட உரையாடலை ரெண்டு நாளா வாசிச்சுக்கொண்டு இருக்கிறன்.

எங்கட பக்கம் பழைய ஆக்கள் அம்பிட்டியாவைப் பற்றிச் சொல்லுவினம். 1893-இல 13-ஆம் லியோ பாப்பரசர் கண்டியில தொடங்கின குருமடம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அந்தந்த மண்ணின் பிள்ளைகளே குருக்களாக வரவேணும் எண்டு தொடங்கினது. 1955-இல அந்தப் பாப்பரசர் குருமடம் புனேக்குப் போயிட்டுது. இப்ப எங்கட பிள்ளைகள் கொழும்புத்துறையில இருக்கிற புனித சவேரியார் பெரிய குருமடத்தில படிக்கினம்.

ஆனா எங்களுக்கு அழைத்தலைப் பற்றி ஆரும் வகுப்பு எடுக்கேல்ல. சண்டைக் காலத்தில பாதர்மார் சனத்தோட இருந்தவை. 1985 தையில வங்காலையில மேரி பஸ்டியன் பாதரைக் கொண்டவை. 2006 ஆவணியில அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் பாதர் காணாமல் போனவர், இண்டைக்கு வரைக்கும் தகவல் இல்லை. இடம்பெயரேக்க சிலுவையையும் நற்கருணையையும் தூக்கிக்கொண்டு சனத்துக்கு முன்னால நடந்த பாதர்மாரைப் பார்த்த பெடியள், பிறகு தாங்களே போய்க் கேட்டவை. போ எண்டு சொல்ல ஒருத்தரும் தேவைப்படேல்ல.

ஆகவே நான் கேக்கிறது: உங்கட பெடியள் தங்கட பங்குத்தந்தையைக் கிழமையில எத்தினை தரம் காணுகினம்? பூசையில மட்டுமோ, அல்லது வீட்டிலயும் ஆஸ்பத்திரியிலயும் மைதானத்திலயுமோ?

இறையியல் மாணவன்

அண்ணா, இது எங்கள் வகுப்பில் பேசிக்கொண்ட விஷயம். எப்படி வந்தாய் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் ஒரு குருவின் பெயரைத்தான் சொல்வார்கள். முகாமைச் சொன்னவர்கள் குறைவு. எங்கள் பங்குத்தந்தை தினம் மாலை சைக்கிளில் ஒரு தெருவுக்குப் போவார். அவ்வளவுதான். கட்டடம், பள்ளி நிர்வாகம், வழக்கு என்று அலையும் குருவைப் பார்க்கும் பையன், "இதுக்கு நான் மேனேஜர் வேலைக்கே போகலாமே" என்று நினைத்தால் அவனைக் குறை சொல்ல முடியாது.

மறைக்கல்வி டீச்சர்

செபத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று பார்த்தேன். வட இத்தாலியில் லூ என்று ஒரு சிறிய ஊர். 1881-இல் அந்த ஊர்த் தாய்மார் செவ்வாய்தோறும் நற்கருணை முன் கூடி, தங்கள் பிள்ளைகளில் ஒருவரையாவது ஆண்டவர் அழைக்க வேண்டும் என்று மன்றாடத் தொடங்கினார்கள். அந்த ஒரு ஊரிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட குருக்களும் துறவியரும் வந்தார்கள் என்று சொல்வார்கள். தொன் போஸ்கோவுக்குப் பின் சலேசிய சபையை நடத்தியவர்களில் ஒருவரான முத்திப்பேறு பெற்ற பிலிப்பு ரினால்டி அந்த ஊர்க்காரர்தான்.

எனக்கு அதில் பிடித்தது எண்ணிக்கை இல்லை. பக்கத்து வீட்டுப் பையனுக்காக யாரும் மன்றாடவில்லை, தங்கள் பிள்ளைக்காக மன்றாடினார்கள். நாம் அன்பியக் கூட்டங்களில் (அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கும் கூட்டங்கள்) "ஆண்டவரே, நல்ல குருக்களைத் தாரும்" என்று சொல்லும்போது, நம் வீட்டுப் பிள்ளையை மனதில் வைத்துச் சொல்கிறோமா?

ஒற்றைப் பிள்ளை அம்மா

டீச்சர், அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நேற்று இரவு மகனோடு பேசினேன். உனக்கு ஏன் இந்த எண்ணம் வந்தது என்று முதன்முறையாகக் கேட்டேன். இத்தனை நாள் நான் அதைக் கேட்கவே இல்லை, போகலாமா கூடாதா என்பதிலேயே இருந்தேன். அவன் நிறையப் பேசினான். அது எங்களுக்குள் இருக்கட்டும். ஒன்று மட்டும் கேட்டான்: "அம்மா, நான் கணக்கில் சுமார். அங்கே இலத்தீனெல்லாம் இருக்குமாமே?"

சாமி, அவனிடம் நான் என்ன சொல்ல வேண்டும்?

பழைய பங்குச்சாமி

பங்குத்தந்தையரின் பாதுகாவலர் புனித ஜான் மரிய வியான்னி இலத்தீன் வராமல் குருமடத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர் என்று சொல்லுங்கள். எக்குல்லி என்ற ஊரின் பங்குத்தந்தை பலே அவரை விடாமல் தன் வீட்டில் வைத்துச் சொல்லிக் கொடுத்தார். 1815-இல் குருவானார். பிறகு ஆர்ஸ் என்ற குக்கிராமத்தில் நாள் முழுக்கப் பாவ அறிக்கை கேட்கும் ஒப்புரவுத் தொட்டியில் உட்கார்ந்திருந்தார், பிரான்ஸ் முழுவதிலுமிருந்து அவரைத் தேடி வந்தார்கள். இப்போது இலத்தீன் அந்த அளவுக்கு இல்லை, ஆங்கிலம்தான் நம் பையன்களுக்குச் சிரமம். அதற்கு ஆயத்தக் காலத்தில் வகுப்பு உண்டு.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பிளஸ் டூவை நன்றாக முடிக்கட்டும். கோடை விடுமுறையில் மறைமாவட்டத்தில் அழைத்தல் முகாம் வைப்பார்கள், போய்ப் பார்த்து வரட்டும். துறவற சபை முகாமுக்கும் போகட்டும், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அவனே உணரட்டும். முகாமுக்குப் போனால் சேர்ந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அவன் கிளம்பும் நாளில், உங்கள் வாயால், "எப்ப வேணும்னாலும் வீட்டுக்கு வரலாம், இது உன் வீடு" என்று சொல்லி அனுப்புங்கள். அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு வந்த மாணவர்கள்தான் எங்களிடம் மனம் திறந்து பேசியவர்கள்.

மணல்மேடு

பேரவைக் கூட்டம் முடிந்தது. பேனர் இல்லை என்று முடிவானது. வியாழக்கிழமை மாலை ஒரு மணிநேர நற்கருணை ஆராதனை. கிளைக் கிராமங்களில் பீடச்சிறுவர் பயிற்சி. பங்குத்தந்தை பங்கு அலுவலக வேலைகளில் பாதியைப் பேரவை உறுப்பினர்களிடம் பிரித்துக் கொடுத்துவிட்டு வாரத்தில் மூன்று மாலை வீடு சந்திப்பது என்று அவராகவே சொன்னார்.

குருமடத்திலிருந்து திரும்பி வந்தவர்கள் எங்கள் ஊரில் சிலர் இருக்கிறார்கள். அவர்களை நல்லாயன் ஞாயிறு அன்று மேடையில் அழைத்துப் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். நல்ல யோசனைதானே? கருவேலங்காடு தம்பி என்ன சொல்கிறார்?

கருவேலங்காடு

அண்ணே, தயவுசெய்து வேண்டாம். நல்ல மனசு, புரிகிறது. ஆனால் மேடையில் ஏற்றினால் மறுபடியும் ஊர் எங்களைத் தனியாகப் பிரித்துப் பார்க்கும். எங்களுக்கு வேண்டியது சாதாரண இடம். வாசகர் பட்டியலில் பெயர், பேரவையில் ஒரு உறுப்பினர் இடம், மறைக்கல்வியில் ஒரு வகுப்பு. மெய்யியலும் திருவிவிலியமும் படித்தவர்கள், பலர் நன்றாகப் பாடுவார்கள், இசைக்கருவி வாசிப்பார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய் வேலையைச் சொல்லிக் கேளுங்கள். இனிமேல் போகிற பையன்கள் வீட்டிலும், அவன் திரும்பி வந்தால் வரவேற்போம் என்று போகும் முன்பே பங்குத்தந்தை சொல்லிவிடட்டும்.

மணல்மேடு

சரி தம்பி. பொன்னாடை இல்லை. நாளைக்கே போகிறேன்.

புதியவன்

இழையைத் தற்செயலாகப் பார்த்தேன். என் தம்பி ஒரு துறவற சபையில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு வெளியே வந்தான். குழு வாழ்க்கை ஒத்துவரவில்லை, ஆனால் பங்குக் குருவாக வேண்டும் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை என்கிறான். மறைமாவட்டத்தில் எடுப்பார்களா? பழைய சபையைப் பற்றிச் சொல்லாமல் விண்ணப்பித்தால் எளிது என்று ஒரு நண்பர் சொல்கிறார்.

பழைய பங்குச்சாமி

மறைக்க வேண்டாம், தம்பி. அது மறைக்கவும் முடியாது, மறைக்க வேண்டிய காரியமும் இல்லை. வழக்கமாகத் திருமுழுக்குச் சான்றும் உறுதிபூசுதல் சான்றும் கேட்பார்கள். முன்பு வேறு குருமடத்திலோ சபையிலோ இருந்தவர் என்றால், அவர் ஏன் வெளியேறினார் என்று அந்த அதிபரின் சான்றும் வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 241 சொல்கிறது. அந்தச் சான்று எதிராகத்தான் இருக்கும் என்று பயப்படாதீர்கள். குழு வாழ்க்கை ஒத்துவரவில்லை என்பது ஒரு நேர்மையான காரணம். அப்படி வந்து நல்ல பங்குக் குருக்களானவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அவர் முதலில் உங்கள் பங்குத்தந்தையைப் பார்க்கட்டும். பிறகு மறைமாவட்ட இறை அழைத்தல் பணிக்குழுச் செயலரை. கொஞ்ச காலம் பங்கில் வேலை செய் என்று சொன்னால் அதை மறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வயது எவ்வளவு, எந்த நிலை வரை படித்தார் என்று எனக்குத் தனிச்செய்தியில் எழுதுங்கள், யாரைக் கேட்பது என்று சொல்கிறேன்.